குதிரை போய் வந்த வழி

குரங்கணி
6 மே 1983

அன்புத் தம்பி திருப்பதிக்கு,

அக்கா பொன்னுமணி எழுதுகிறேன். நானும் உன் மச்சானும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். ராசிங்காபுரத்தில் அய்யாவும் சௌக்கியம்தான். பல் வலி என்று மூன்று நாள் எல்லாரையும் வைதுகொண்டிருந்தார். பல்லைப் பிடுங்கியாயிற்று, வைவது மட்டும் நிற்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அந்தக் கனடாக் குளிரில் காதை மூடிக்கொள்கிறாயா, இல்லை முடி கலைந்துவிடும் என்று திறந்துவிட்டுக்கொண்டு திரிகிறாயா?

சதுரங்கத்துக்கு நீ எழுதிய ஆட்டம் கிடைத்தது. யானையைக் கொண்டுவந்து நட்ட நடுவில் நிறுத்தினால் நான் பயந்துவிடுவேனாக்கும்? என் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் முன்னால் தள்ளியிருக்கிறேன், பார்த்துக்கொள். உன் மச்சான் ஜீப்பைக் கழுவிவிட்டு வந்து பலகையை எட்டிப் பார்த்து, "யாரு ஜெயிக்கிறா?" என்றார். "நாந்தேன்" என்றேன். "போன மாசமும் இதையேதான சொன்ன" என்கிறார். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது, எந்தக் காய் எப்படிப் போகும் என்று இன்னும் அவருக்குத் தெரியாது. குதிரை மட்டும் தெரியும். அது தாண்டித் தாண்டிப் போகிறதாம், அதனால் பிடித்திருக்கிறதாம்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். சின்ன வயசில் செய்த மாதிரி செய்யாதே. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் யானையை அங்கே ஒரு தரம் இங்கே ஒரு தரம் ஆட்டிக்கொண்டே இருந்து, "ஒரே நிலை மூணு தடவை வந்திருச்சுக்கா, சட்டப்படி சமம்" என்று பல்லைக் காட்டினாயே. நான் பலகையைக் கவிழ்த்துவிட்டு இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அதெல்லாம் ஒரு ஆட்டமா? வைத்த காலைப் பின்னால் எடுக்கிறவனோடு எனக்குச் சேராது.

உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். சின்னதில் எனக்கு வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சுக்குள் எதையோ சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது என்று மதுரை டாக்டர் சொன்னார். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதனால் ஏலத்தோட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். ஆபரேசன் என்கிறார்கள். மழை போகட்டும், பார்க்கலாம். இதைச் சாக்கு வைத்து நீ ஓடி வராதே. அம்மா செத்தபோது கடைசிப் பரீட்சையை விட்டுவிட்டு வந்தாய். ஒரு வருஷம் போயிற்று, வந்துகொண்டிருந்த ஸ்காலர்ஷிப்பும் போயிற்று. அய்யா அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார். டிசம்பரில் படிப்பை முடித்துவிட்டு வா. உன்னை நேரில் உட்கார வைத்துத் தோற்கடிக்கிறேன்.

வழக்கம்போல் கவருக்குள் ஒரு ஏலக்காய் இருக்கிறது. தபாலாபீசில் முத்திரை குத்தி நசுக்கினால் நான் பொறுப்பில்லை.

உன் ஆட்டத்துக்குக் காத்திருக்கும்
அக்கா பொன்னுமணி


எட்மண்டன், கனடா
27 மே 1983

அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும்,

திருப்பதியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன், காதையும் மூடித்தான் வைத்திருக்கிறேன். மே மாதம் முடியப் போகிறது, இங்கே இப்போதுதான் மரத்தில் இலை வருகிறது. ஏலக்காய் நசுங்காமல் வந்தது. அறைக்கு வந்த ஒரு பையன் என்ன வாசனை என்று கேட்டான். எங்கள் வீட்டு வாசனை என்றேன்.

ஆபரேசன் தேதி தெரிந்தால் உடனே எழுது. நான் வருவேன். வராதே என்று நீ சொன்னால் நான் கேட்கப் போவதில்லை.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று அய்யா போன கடிதத்தில் கேட்டிருந்தார். மெஷினுக்குச் சதுரங்கம் ஆடச் சொல்லித் தருகிறேன் என்று சொன்னால் அடிக்க வருவார். நீயே பக்குவமாகச் சொல். மெஷின் ஒரு பலகையைப் பார்த்ததும், நான் இப்படி வைத்தால் அவன் எப்படி வைப்பான் என்று கிளை கிளையாகத் தேடிப் பார்க்கும். தேடும்போது ஒரே நிலை வேறு வேறு வழியில் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசித்தால் தீராது. அதனால் ஒருமுறை யோசித்த நிலைக்கு ஒரு எண்ணைப் போட்டு வைத்துக்கொள்ளும். மறுபடி அந்த நிலை வந்தால் அந்த எண்ணை எடுத்துச் சொல்லிவிடும். போடிமெட்டுக்குப் போடியிலிருந்து ஏறினால் என்ன, மூணாறிலிருந்து வந்தால் என்ன, மெட்டு மெட்டுதானே? எந்த வழியாக வந்தாய் என்று என் மெஷின் கேட்காது. அதனால்தான் அத்தனை வேகம். இதை நான்தான் யோசித்துச் செய்தேன், எனக்கு இதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

ஆய்வை எழுதவே எனக்கு நேரம் போதவில்லை. அதனால் இனிமேல் என் காய்களை மெஷினே நகர்த்தட்டும். உன் கடிதம் வந்ததும் பலகை எப்படி நிற்கிறதோ அதை மட்டும் உள்ளே தட்டிக் கொடுப்பேன், அது சொல்வதை உனக்கு எழுதுவேன். இப்போது ராணியை நாலாவது வரிசைக்குக் கொண்டுவந்து, உன் ராஜாவுக்கு நேரே நிறுத்தச் சொல்கிறது. எனக்கு ஒன்றரைச் சிப்பாய் அளவுக்கு மேல்கை என்கிறது. என்ன செய்யப் போகிறாய்?

மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள். மச்சான், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
திருப்பதி


குரங்கணி
4 ஜூலை 1983

மாப்ளே திருப்பதிக்கு,

மச்சான் பால்பாண்டி எழுதுவது. குரங்கணியில் மழை பிடித்துவிட்டது. உன் சுகத்துக்குப் பதில் போடு.

அக்காவுக்குக் கை கால் வீங்கிப்போய்ப் பேனா பிடிக்க முடியவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மதுரையில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். உன் கடிதம் அங்கேதான் வந்து சேர்ந்தது. நான் படித்துக் காட்டினேன். மெஷினைப் பற்றி நீ எழுதியிருந்ததை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். சிரித்தாள். மூச்சு வாங்கும்போதும் சிரித்தாள்.

குதிரையை ஓரத்துக் கட்டத்துக்கு வைக்கச் சொன்னாள். அங்கேயிருந்து உன் ராணியை வெட்ட முடியும், எனக்கே தெரிகிறது.

நீ வர வேண்டாம் என்று எழுதச் சொன்னாள். அழுத்தி எழுதச் சொன்னாள். கவர் வாங்கப் போடிக்குப் போக முடியவில்லை, கையிலிருந்த, மடித்து ஒட்டுகிற ஏரோகிராமில் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு
பால்பாண்டி


ராசிங்காபுரம்
12 ஜூலை 1983

மருமகன் பால்பாண்டிக்கு,

உன் மாமன் அமாவாசை சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு வீரையா எழுதும் கார்டு. கருமாதி முடிந்து மலைக்குப் போன நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு தாக்கலும் இல்லை. சோறு பொங்கித் தின்கிறாயா? ஜீப்பை வெறும் வயிற்றோடு ஓட்டாதே. மலைப் பாதை.

திருப்பதிக்கு எழுதிவிட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தாய். நல்லது. பொன்னுமணி செத்ததை அவனுக்கு யாரும் எழுதக் கூடாது என்று இங்கேயும் சொல்லி வைத்திருக்கிறேன். பெத்தவள் சாவுக்கு ஓடி வந்து ஒரு வருஷத்தைத் தொலைத்தவன் அவன். இது தெரிந்தால் எல்லாத்தையும் போட்டுவிட்டு வந்துவிடுவான். வந்தால் திரும்பப் போகவும் மாட்டான். அவளும் சாகும்போது உன் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். டிசம்பர் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள்.

சாவு விழுந்த வீட்டிலிருந்துகொண்டு அவனுக்கு எப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் ஆகாது. அதனால்தான் நான் அவனுக்கு எழுதுவதே இல்லை. நீ எழுது அப்பு.

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அமாவாசை


எட்மண்டன்
25 ஜூலை 1983

அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும்,

வணக்கம். நான் சௌக்கியம். மச்சான், உங்கள் எழுத்து கோணலாக இல்லை, ஜீப்பு வளைவில் திரும்புகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் எழுதியது போதவில்லை. வீக்கம் எப்போது வந்தது? டாக்டர் என்ன சொன்னார்? ஆபரேசன் உண்டா இல்லையா? டிக்கெட் விலை விசாரித்திருக்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அக்கா, குதிரையைக் கொண்டுபோய் ஓரத்தில் வைத்திருக்கிறாயே, இது நீ செய்கிற காரியமா? காய்ச்சலில் வைத்தாயா? மெஷின் அசரவில்லை. ராணியைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்திக்கொண்டது. இன்னமும் எனக்குத்தான் மேல்கையாம்.

உனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கப்பல் தபாலில் போட்டிருக்கிறேன். மாந்தளிர் நிறம். கடைக்காரப் பெண் அளவு கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அங்கே நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாவைக் காட்டி, இவங்களைவிட ஒல்லி என்றேன். அந்த அம்மா என்னை முறைத்தாள்.

அய்யா ஏன் எழுதுவதே இல்லை? நான் மெஷினோடு விளையாடுகிறேன் என்று கோபமா?

உங்கள்
திருப்பதி


குரங்கணி
14 ஆகஸ்டு 1983

மாப்ளே திருப்பதிக்கு,

பால்பாண்டி எழுதுவது. இந்தப் பக்கம் முதல் எடுப்பு ஏலம் பறிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விடிந்தால் ஆளை ஏற்றிக்கொண்டு மேலே போவதும், பொழுது சாய்ந்தால் லோடு இறக்குவதுமாக இருக்கிறேன். மாமாவுக்கு உன்மேல் கோபமெல்லாம் இல்லை. எழுத அவருக்கு இன்னொருத்தர் கை வேண்டுமே.

டிக்கெட் பார்க்காதே. முடித்துவிட்டு வா என்பதுதான் உன் அக்கா சொன்னது. ஆபரேசனுக்கு உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அது இல்லை.

குதிரை பழைய இடத்துக்கே. அப்படித்தான் சொன்னாள்.

இப்படிக்கு
பால்பாண்டி


எட்மண்டன்
2 செப்டம்பர் 1983

அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும்,

வணக்கம். நான் சுகம். ஆபரேசன் இல்லை என்று படித்ததும் முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு யோசித்தால் பயமாக இருக்கிறது. தாங்காது என்றால் என்ன அர்த்தம்? மருந்திலேயே சரியாகிவிடும் என்கிறார்களா? அக்கா, ஒரே ஒரு வரி உன் கையால் எழுது. கிறுக்கலாக இருந்தாலும் சரி. "போடா" என்று மட்டும் எழுதினாலும் எனக்குப் போதும்.

குதிரை வந்த வழியே திரும்பிவிட்டது. அக்காவா இப்படி! என் மெஷினைக் கண்டு பயந்துவிட்டாயா? அது ராணியை மறுபடி நாலாவது வரிசைக்கே கொண்டுவந்து நிறுத்தச் சொல்கிறது. அதே ஒன்றரைச் சிப்பாய் மேல்கை. கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டது. ஏற்கெனவே யோசித்து எண் போட்டு வைத்த நிலை அல்லவா?

ஆய்வில் பாதிக்கு மேல் எழுதிவிட்டேன். முதல் பக்கத்தில் உன் பெயரைப் போடப் போகிறேன். ஏன் என்று கேட்டால், சின்ன வயசில் என் மண்டையில் பலகையைக் கவிழ்த்தவள் என்று சொல்வேன்.

உங்கள்
திருப்பதி


குரங்கணி
25 செப்டம்பர் 1983

மாப்ளே திருப்பதிக்கு,

பால்பாண்டி எழுதுவது. கொட்டகுடி ஆற்றில் வெள்ளம். இரண்டு நாளாக ஜீப்பு இக்கரையிலேயே நிற்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பெரிய கஷ்டம்.

ஸ்வெட்டர் வந்தது. நல்ல கனம். நிறம் அவளுக்குப் பிடித்த நிறம். அளவும் சரியாகத்தான் எடுத்திருக்கிறாய், பார்த்தாலே தெரிகிறது. சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

கையெழுத்துக் கேட்டிருக்கிறாய். கேட்காதே மாப்ளே. கை ஒத்துழைக்கவில்லை.

குதிரை மறுபடி ஓரத்துக்கு.

புத்தகத்தில் அவள் பெயரைப் போடு. மறந்துவிடாதே.

பால்பாண்டி


எட்மண்டன்
16 அக்டோபர் 1983

அன்பு அக்காவுக்கும் மச்சானுக்கும்,

வணக்கம். நான் உடம்பால் சுகம், மானம்தான் போய்விட்டது. போன வாரம் இன்னொரு கல்லூரி மெஷினோடு எங்கள் மெஷினுக்குப் போட்டி. எங்களுடையது ஒரு யானை கூடுதலாக வைத்துக்கொண்டு ஜெயிக்கிற நிலையில் இருந்தது. எல்லாரும் எனக்குக் கை கொடுக்கக்கூட வந்துவிட்டார்கள். திடீரென்று அது ராஜாவை இங்கேயும் அங்கேயும் ஆட்ட ஆரம்பித்தது. ஒரே நிலை மூன்றாவது தடவை வந்தது. சமம். அரங்கமே சிரித்தது. அக்கா, நீ இருந்திருந்தால் பலகையைக் கவிழ்த்திருப்பாய்.

தப்பு என்னுடையதுதான். எந்த வழியாக வந்தாய் என்று என் மெஷின் கேட்காது என்று உனக்குப் பெருமை அடித்தேன் அல்லவா? அங்கேதான் வினை. முதல் தடவை வந்தபோது ஜெயிக்கிற நிலை என்று எண் போட்டு வைத்தது. மூன்றாவது தடவை வந்தபோதும் அதே எண்ணை எடுத்துக் கொடுத்தது. பலகை ஒன்றுதான். ஆனால் மூன்றாவது தடவை வந்தால் அது ஜெயிக்கிற நிலை இல்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதும் அந்த நிலைக்குள்ளேயே இருக்கிறது. மச்சான், நீங்கள் மெட்டிலிருந்து இறங்கி வந்ததும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவீர்களே. பார்க்கிறவனுக்கு அது சும்மா நிற்கிற ஜீப்பு. இறங்கி வந்த சூடு பிரேக்குக்குள் இருப்பது அவனுக்குத் தெரியாது. என் மெஷினுக்கும் தெரியவில்லை. இதைச் சரி செய்யாமல் டிசம்பரில் தேர்வுக்குப் போய் நிற்க முடியாது. ராப்பகலாக இதே வேலைதான்.

நம் ஆட்டத்தில் ராணி பக்கத்துக் கட்டத்துக்கு. இதையும் பழைய மெஷின்தான் சொன்னது. அவசரத்தில் எழுதுகிறேன். அக்கா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாளா என்று நீங்கள் எழுதவே இல்லையே?

உங்கள்
திருப்பதி


குரங்கணி
8 நவம்பர் 1983

மாப்ளே திருப்பதிக்கு,

பால்பாண்டி எழுதுவது. தீபாவளிக்கு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. மழை வேறு. மாமா வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார்.

குதிரை வீட்டுக்கு.

தேர்வை நல்லபடியாக எழுது. உன் ஞாபகமாகவே இருக்கிறோம்.

பால்பாண்டி


எட்மண்டன்
30 நவம்பர் 1983

மச்சானுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை.

மெஷினைச் சரி செய்துவிட்டேன். ஓர் ஆட்டத்தில் வந்த நிலைகளை எல்லாம் இனிமேல் அது முதலிலிருந்து நினைவில் வைத்துக்கொள்ளும். சோதித்துப் பார்க்க ஒரு நிஜ ஆட்டம் வேண்டியிருந்தது. நானும் அக்காவும் ஆடுவதையே எடுத்தேன். பெட்டியிலிருந்து கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டு முதல் ஆட்டத்திலிருந்து தட்டினேன். ராணியை மறுபடி நாலாவது வரிசைக்குக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்டேன். மே மாதத்தில் ஒன்றரைச் சிப்பாய் மேல்கை என்று சொன்ன அதே பலகைக்குப் பூஜ்யம் என்று காட்டியது. ஒரு காய்கூட இடம் மாறவில்லை. மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். அந்த நிலை வருவது இது மூன்றாவது தடவை. குதிரை போகிறது, வருகிறது, மறுபடி போகிறது, மறுபடி வருகிறது. வேறு எந்தக் காயும் அசையவில்லை.

அக்கா வைத்த காலைப் பின்னால் எடுக்க மாட்டாள், மச்சான். மே மாதம் வரைக்கும் இந்த ஆட்டத்தில் அவள் ஒரு காயைக்கூடத் திருப்பி எடுத்ததில்லை. உங்களுக்குக் குதிரை மட்டும்தான் தெரியும்.

கடிதங்களையும் அதே மாதிரி முதலிலிருந்து படித்தேன். தனித்தனியாக வந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஏலக்காய் மே மாதத்தோடு நின்றுபோயிருக்கிறது. நாங்கள் இருவரும் நலம் என்று நீங்கள் ஒரு கடிதத்தில்கூட எழுதவில்லை. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு எந்த வீடு என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் அதை எழுதியும்கூட நான் மழை என்று நினைத்துக்கொண்டேன். நானும் என் மெஷின் மாதிரியேதான் இருந்திருக்கிறேன். கடைசியாக வந்த கடிதத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

அக்கா இல்லை, அப்படித்தானே?

எனக்கு உங்கள் எல்லார் மீதும் கோபம் வருகிறது. அம்மாவுக்காக அன்றைக்கு ஓடி வந்தேன், உண்மைதான். அதை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எனக்குக் கணக்குப் போட்டுவிட்டீர்களே. நான் வந்திருப்பேன். ஆமாம், வந்துதான் இருப்பேன். அவள் முகத்தை ஒருதரம் பார்த்திருப்பேன். ஒரு வருஷம் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா? வெறும் பலகையைப் பார்த்து அவளுக்குக் கேலி எழுதிக்கொண்டிருந்தேனே, பயந்துவிட்டாயா என்று. அதை எப்படி மச்சான் நீங்கள் படித்தீர்கள்?

தேர்வு பன்னிரண்டாம் தேதி. விட்டுவிட்டு வந்துவிடத்தான் தோன்றுகிறது. வர மாட்டேன். முடித்துவிட்டுத்தான் வருவேன், அவள் சொன்னதற்காக. ஜனவரி பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். அதற்குள் உங்கள் பதில் வந்துவிட வேண்டும். எப்போது, எப்படி என்று எனக்கு எல்லாம் எழுதுங்கள்.

இப்போது மெஷின் வேறொரு வழி காட்டுகிறது. ராணியைத் திருப்பாமல் அந்த வழியில் போனால் ஜெயித்துவிடலாமாம். எனக்கு வேண்டாம். ராணியைப் பழைய இடத்துக்கே வைக்கிறேன். மூன்றாவது தடவை. ஆட்டம் சமம். அவளுக்குப் பிடிக்காது என்று தெரியும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

திருப்பதி


குரங்கணி
18 டிசம்பர் 1983

மாப்ளே திருப்பதிக்கு,

மச்சான் பால்பாண்டி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். மாமாவும் இருக்கிறார். அவள்தான் இல்லை. ஜூன் பதினாறாம் தேதி வியாழக்கிழமை, மதுரை ஆஸ்பத்திரியில், காலையில். நான் டீ வாங்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறாள். கூப்பிட்டேன். டீ ஆறும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

நீ கோபப்பட்டது நியாயம். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் ஒன்றை நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். குதிரை நான் வைத்த ஆட்டம் இல்லை. அவள் வைத்தது.

உன் கடிதத்தை இரண்டாவது தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள் என்று எழுதினேனே, அன்றைக்குத்தான். எந்த வழியாக வந்தாய் என்று மெஷின் கேட்காது என்ற இடம் வந்ததும் சிரித்தாள். "கேக்காதாம்ல? அப்ப ஏமாத்திரலாம்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா தம்பிக்கு எழுதிராதீக. நான் சொல்ற மாதிரி ஆடுங்க. உங்களுக்குத்தான் குதிரை தெரியுமுல்ல? அதை ஓரத்துக்கு வைங்க. அடுத்த லெட்டர்ல வீட்டுக்குக் கொண்டாங்க. மறுக்க ஓரம், மறுக்க வீடு. வேற எதையும் தொட வேணாம். அவன் ஆடினா மூக்குல வேர்த்திரும். மெஷினு ஆடினா அதுக்குத் தெரியாது, அதும் ராணியைப் போட்டு ஆட்டிக்கிட்டே கெடக்கும். லெட்டர் இப்பிடிப் போயி வர்றதுக்குள்ள டிசம்பர் வந்துரும்" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். "இதெல்லாம் எதுக்குடி இப்பச் சொல்ற?" என்றேன். "அவன் ராணியை மூணாவது தடவை கொண்டாந்து வச்சு, சமம்னு எழுதுவான். எழுதினா அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சுன்னு அர்த்தம். அப்பச் சொல்லிருங்க" என்றாள். பின்னால் எடுக்கிற ஆட்டம் உனக்கு ஆகாதே என்று கேட்டேன். "அவங்கூட இப்பிடி ஒருதரம் ஆடாமப் போறதுக்கு, ஆடிட்டுப் போறேன். நானும் தோக்க வேணாம், அவனும் தோக்க வேணாம்" என்றாள். என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அந்தக் கையில் தெம்பே இல்லை.

பொய் எழுத எனக்கு வராது மாப்ளே. அதனால் அவள் சொன்னதை மட்டும் எழுதினேன். நலம் என்று எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடும். பயந்துவிட்டாயா என்று நீ எழுதியிருந்ததைப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாக் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். உனக்கு எழுதுகிற அன்றைக்கு மட்டும் அவள் அடுப்படியில் இருக்கிற மாதிரியே இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், நீ கண்டுபிடிக்கக் கூடாது என்று நான் பயந்தது உன் படிப்புக்காக மட்டும் இல்லை.

ஸ்வெட்டர் ஜீப்பில் அவள் உட்காருகிற சீட்டில் இருக்கிறது. வேறு யாரையும் அதில் உட்கார விடுவதில்லை.

நீ எழுதியபடி ராணியை அந்தக் கட்டத்தில் வைத்துவிட்டேன். குதிரை வீட்டில்தான் நிற்கிறது. இனி நகர்த்த ஒன்றுமில்லை. நீ மதுரையில் வந்து இறங்கினதும் ரயிலைப் பிடிக்காதே, நான் ஜீப்போடு வந்து நிற்கிறேன்.

இந்தத் தடவை கவர் வாங்கினேன். உள்ளே ஒரு ஏலக்காய் இருக்கிறது. உனக்கென்று அவள் டப்பாவில் போட்டு வைத்ததில் கடைசிக் காய். அனுப்ப மனசில்லாமல் வைத்திருந்தேன்.

உன் மச்சான்
பால்பாண்டி